சென்னை 355 கிலோமீற்றர். நீர்வேலி எவ்வளவு தூரம்?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதலாவது வேலை, மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவதாகும். பெரிய கட்டுரைகளும் அரசியல் ஆய்வுகளும் எழுதப் போகிறோம் என்ற கனவோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திலிருந்து வெளியேறி வந்தவனுக்கு அந்த வேலை அன்று சற்று ஏமாற்றமாகவே இருந்தது. இன்று திரும்பிப் பார்க்கையில், எங்கள் சமூகத்தின் புவியியலை நான் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான் என்று தோன்றுகிறது.

தொடக்கத்தில் அந்த அறிவித்தல்களில் வந்த ஊர்ப்பெயர்கள் கோப்பாயும் உரும்பிராயும் கொழும்பும் கண்டியுமாக இருந்தன. பின்னர் பாரிஸ் வந்தது, சூரிச் வந்தது, ஒஸ்லோ, லண்டன், ஸ்காபரோ எல்லாம் வந்தன. பிறந்த இடம் நீர்வேலி, வாழ்ந்த இடம் வேறெங்கோ என்றானது. அதன் பின்னர் இன்னொரு வரியும் வழமையாயிற்று: பிள்ளைகளின் வருகைக்காக இறுதிக்கிரியைகள் பிற்போடப்பட்டுள்ளன என்ற வரி. ஆயிரக்கணக்கான மைல்களை ஒரு வரிக்குள் அடக்கிவிட்ட அந்த வாசகத்தை நான் எத்தனை தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அது எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை அதன் கனத்தை உணரவுமில்லை.

அண்மையில் நீர்வேலியில் என் பெரியம்மா காலமானார். செவ்வாய்க்கிழமை இரவு. ஒரே மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். செய்தி கேட்டதும் அழுதுகொண்டே பயணச்சீட்டுத் தேடி, புதன்கிழமை இரவு விமானம் ஏறிவிட்டாள். பெரியம்மாவின் உடலுக்கு மருந்தேற்றி வைத்துக் காத்திருந்தோம். வெள்ளிக்கிழமைக்கு அப்பால் வைத்திருக்க ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. மறுநாள் சனி, சனிப்பிணம் தனியே போகாது என்று நம்புகின்ற மனிதர்களோடு செத்தவீட்டில் வாதாட முடியாது. ஐயர் பிற்பகல் இரண்டு மணிக்குள் எடுக்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை நான்கரை மணிக்கு அவள் கட்டுநாயக்காவில் இறங்கினாள். ஐந்தரைக்கு வானில் ஏறிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னாள். எல்லோருக்கும் பெரிய ஆறுதல். இனி வந்துவிடுவாள் என்றார்கள். புத்தளத்துக்கு இப்பால் மழை. அநுராதபுரத்துக்கு அருகே லொறியொன்று குடைசாய்ந்து வீதி மறிபட்டுக் கிடந்தது. வவுனியாவில் நிற்கிறோம், கிளிநொச்சியைத் தாண்டிவிட்டோம் என்று அழைப்புகள் வந்தபடியே இருந்தன. இரண்டு மணிக்கு மேலும் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு உடலை எடுத்தோம்.

வான் எங்கள் ஒழுங்கையால் திரும்பியபோது மணி இரண்டு நாற்பது. ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஈர முற்றத்தில் நின்றபடி அவள் தன் தாயின் வெறும் கட்டிலைப் பார்த்திருக்கிறாள்.

நான் சுடலையால் திரும்பி வந்தபோது அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, ரொறன்ரோவிலையிருந்து கொழும்புக்கு வந்திட்டன். கொழும்பிலையிருந்து வீட்டுக்குத்தான் வரேலாமல் போச்சு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பலாலியிலிருந்து ரொறன்ரோ வானில் நேர்கோடாக அளந்தால் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். லண்டன் 8,500 கிலோமீற்றர். கட்டுநாயக்கா வெறும் 290 கிலோமீற்றர். என் தங்கை 13,700 கிலோமீற்றரின் பெரும்பகுதியை, இடையில் விமானம் மாறிய நேரமும் சேர்த்து, இருபத்தொரு மணித்தியாலங்களில் கடந்தாள். கடைசி 290 கிலோமீற்றரைக் கடக்க அவளுக்கு ஒன்பது மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. சாலை வளைந்து செல்வதால் அது 350 கிலோமீற்றருக்கு மேல் வரும் என்பது உண்மை. அப்படிப் பார்த்தாலும் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகம். என் தந்தையார் காலத்துக் கார்களும் அந்த வேகத்தில் ஓடின.

மறுபக்கத்தைப் பாருங்கள். பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி 185 கிலோமீற்றர் அளவே. அதாவது, எங்கள் நாட்டின் தலைநகர விமானநிலையத்தை விடத் திருச்சி எங்களுக்கு நூறு கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது. சிறிய ரக விமானத்தில் சென்னைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம். திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் போதும். இவை வரைபடத்தையும் அளவுகோலையும் எடுத்து வைத்து எவரும் சரிபார்க்கக்கூடிய எண்கள். அரசியல் கோரிக்கைகள் அல்ல.

இந்த எண்கள் எங்கள் பெற்றோருக்குப் புதியவையுமல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி விமானத்தளம், போர் முடிந்து இரண்டு ஆண்டுகளிலேயே பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணச் சேவை இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்னரே, இலங்கையின் முதலாவது தேசிய விமானம் யாழ்ப்பாணத்தின் வழியாகத்தான் வெளிநாடு போனது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். என் தாய்மாமன் ஒருவர் தமது திருமணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கச் சென்னைக்குப் பறந்துபோய், இரண்டு படமும் பார்த்துவிட்டு வந்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செல்வந்தரல்ல, வாழைத்தோட்டமும் புகையிலையும் செய்த விவசாயி.

எனக்கு அந்தக் காலத்தின் வால் மட்டுமே நினைவிருக்கிறது. எங்கள் வாழைத்தோட்டத்தின் செம்மண்ணில் பாத்தி மிதித்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே தாழப் பறக்கும் ஏர் சிலோன் விமானத்துக்குக் கை காட்டிய சிறுவர்களில் நானும் ஒருவன். 1978இல் பலாலியிலிருந்து சென்ற அவ்ரோ விமானமொன்று இரத்மலானையில் நிறுத்தப்பட்டிருந்தபோது குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏர் சிலோனும் அந்தப் பத்தாண்டின் முடிவோடு மறைந்தது. அதன் பின்னர் எங்கள் தலைக்கு மேலால் பறந்தவற்றுக்கு எந்தச் சிறுவனும் கை காட்டவில்லை, பதுங்குகுழிக்குள் ஓடினான்.

போர் என்பது உயிர்களை மட்டும் எடுப்பதில்லை. அது தூரங்களையும் மாற்றி எழுதுகிறது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூன் மாதத்தோடு நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட, கிளாலிக் கடனீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தோம். அந்தச் சில கிலோமீற்றர் தண்ணீருக்கு எத்தனை உயிர்கள் விலையாயின! 1995 ஒக்ரோபர் இறுதியில் நீர்வேலி சண்டைக்களமாகி, அந்த 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தை நாங்கள் ஓர் இரவும் மறுநாளில் பெரும்பகுதியுமாகக் கடந்தோம். மழையில், தலையில் மூட்டையோடு, முன்னால் நிற்பவர் ஓரடி எடுத்துவைக்கக் காத்திருந்து, ஒவ்வோரடியாக.

பின்னர் திருகோணமலைக்குக் கப்பல் வந்தது. பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம் வந்தது. பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அனுமதிப்பத்திரம் கேட்டு வரிசையில் நின்ற நாட்களைக் கணக்கில் சேர்த்தால், கொழும்பு எங்களுக்கு லண்டனை விடத் தொலைவில் இருந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் மீளவில்லை. பயணிகளில் பெரும்பாலானோர் தமிழ்ப் பொதுமக்கள். புலிகளே சுட்டு வீழ்த்தினர் என்று பின்னர் விசாரணைகள் கூறின. அன்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை எழுதக்கூடிய நிலை எங்களுக்கு இருக்கவில்லை. என் தொழில்வாழ்வில் எழுதாமல் விட்டவற்றுள் என்னை இன்றும் உறுத்துபவற்றில் அதுவும் ஒன்று.

2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009க்குப் பின்னரே நிலையாகத் திறந்தது. யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் சென்னை விமானம் இறங்கியது. பயணிகள் சேவை நவம்பரில் தொடங்கி, ஐந்து மாதம் நிறைவதற்குள் கொரோனாவால் நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைச் சேவையையும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையையும் தொடங்கியது. இடையில் 2023 ஒக்ரோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் வந்தது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் கடலுக்கு நான்கு மணித்தியாலம்.

இவை எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. மறுப்பதற்கில்லை. அப்படியானால் என் தங்கை ஏன் சென்னை வழியாக வரவில்லை?

செத்தவீட்டுக்கு வந்த பலரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவளும் முயன்று பார்த்திருக்கிறாள். ரொறன்ரோவிலிருந்து பலாலி வரை ஒரே பயணச்சீட்டு அவளுக்குக் கிடைக்கவில்லை. தனித்தனிச் சீட்டு என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மீண்டும் உள்ளே போக வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். தாய் இறந்த செய்தி கேட்ட மறுநாள் எந்தப் பிள்ளை விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்? பலாலிக்கு வருபவை எழுபத்தெட்டுப் பேர் வரை ஏறக்கூடிய ஏ.ரி.ஆர். ரகச் சிறு விமானங்கள். ஆகவே பொதியின் நிறையிலும் கட்டுப்பாடு. நீண்ட தூர விமானத்தில் இரண்டு பெட்டி கொண்டுவருபவர் அதில் ஒன்றை எங்கே விடுவது? சென்னையில் ஓரிரவு தங்க நேர்ந்தால் அந்தச் செலவு வேறு.

வரைபடத்தில் 355 கிலோமீற்றராக இருப்பது இவ்விதமாக ஒரு விசா, ஒரு தராசு, ஓர் இரவு என்று நீள்கிறது. முன்பு சோதனைச்சாவடிகள் எங்கள் தூரத்தைத் தீர்மானித்தன. இன்று பயணச்சீட்டின் விதிகள் தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று சொல்லும் அளவுக்கு நான் நன்றிகெட்டவனல்ல. ஆனால் பின்னையது சரிசெய்யக் கூடியது என்பதனாலேயே அதைச் சரிசெய்யாமல் விடுவது எனக்குக் கூடுதல் கோபத்தைத் தருகிறது.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, விமானம் டொலர்க்காரருக்கு. நீர்வேலித் தோட்டக்காரனுக்கு அதனால் என்ன பயன் என்பது. நியாயமான கேள்வி. எங்கள் ஊர் வாழைக்குலை விமானத்தில் பறக்கும் என்று மேடைகளில் பேசுபவர்களை நானும் நம்புவதில்லை. அது லொறியில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும். அதுவே அதன் வழி. ஆனால் அந்தத் தோட்டக்காரனுடைய மனைவிக்குப் புற்றுநோய் என்று வரும்போது அவன் தோட்டத்தை ஈடுவைத்துச் சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டுபோகிறான். நோயாளியை எட்டு மணித்தியாலம் வானில் கிடத்திக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வந்த திசையிலேயே திரும்பப் பறக்கவைத்து, தன் வீட்டுக்கு மேற்கே ஆகாயத்தில் கடந்துபோவதை விட, பத்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள பலாலியில் ஏற்றுவது எத்தகைய வேறுபாடு என்பதை நோயாளியோடு போனவர்களைக் கேட்டுப்பாருங்கள். செத்தவீட்டுக்கு வந்து சேர முடியாத பிள்ளையின் தாயும் எங்கள் ஊர்த் தோட்டக்காரிதான்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பெரிய விமானங்கள் வந்தால் இந்தச் சிக்கல்கள் தீரும். ஆகவே ஓடுபாதையை நீட்டுங்கள் என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். எயார்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் முழுச் சுமையோடு வந்துபோக இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஓடுபாதை வேண்டும் என்பது சரி. ஆனால் நண்பர்களே, அந்த ஓடுபாதையைச் சுற்றியிருப்பது வெறுங்காணி அல்ல. 1990 ஜூன் மாதத்தில் உடுத்த உடுப்போடு வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களின் வீடும் தோட்டமும் கிணறும் கோயிலும் அங்கேதான் இருந்தன. மயிலிட்டி இறங்குதுறை விடுபட 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதியில் பொதுமக்கள் மீண்டும் போய்வர 2025 ஏப்ரல் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின; அதுவும் நேரக் கட்டுப்பாடுகளோடு. இன்னும் தங்கள் காணிக்குள் கால்வைக்காமலேயே முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கண்ணை மூடியவர்களின் மரண அறிவித்தல்களையும் நான்தான் ஒப்புநோக்கியிருக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து நீர்வேலி முப்பது மணித்தியாலம். மல்லாகத்து முகாமிலிருந்து தையிட்டிக்கோ பலாலிக்கோ நடந்தே போகலாம். அந்த நடைதூரத்தைக் கடக்க ஒரு தலைமுறை எடுத்திருக்கிறது. இவற்றுள் எது நீண்ட பயணம்? எங்கள் பயணத்தைக் குறுக்குவதற்காக அவர்களுடைய பயணத்தை இன்னும் நீட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். என் தங்கைக்கு நேர்ந்ததை நினைத்து நெஞ்சு வேகிறபோதும் உடன்படமாட்டேன். உரியவரின் சம்மதமும் முறையான இழப்பீடும் இல்லாமல் ஒரு பரப்புக் காணியும் விமானநிலையத்தின் பெயரால் எடுக்கப்படலாகாது.

அப்படியானால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. புதிதாக ஓரடி நிலமும் வேண்டாத காரியங்கள் அவை.

ஒன்று, கட்டுநாயக்காவிலிருந்து நேரே பலாலிக்கு, நீண்ட தூர விமானங்களின் வருகை நேரத்தோடு பொருந்துகின்ற, நம்பியிருக்கக்கூடிய நாளாந்த சேவை. உள்நாட்டுச் சேவைகள் பெரும்பாலும் இரத்மலானையிலிருந்தே நடந்துவந்துள்ளன. கட்டுநாயக்காவில் இறங்கியவர் கொழும்பு நகரத்தைக் குறுக்கறுத்துத் தெற்கே போய், பின்னர் வடக்கே பறக்க வேண்டுமென்றால் எவர் அதை நாடுவார்? இன்றுள்ள ஓடுபாதையே ஏ.ரி.ஆர். விமானத்துக்குப் போதுமானது. அதிகாலை ஆறு மணிக்கு அப்படியொரு விமானம் இருந்திருந்தால் என் தங்கை எட்டு மணிக்கு முன் தாயின் தலைமாட்டில் இருந்திருப்பாள்.

இரண்டு, உலகின் பெருநகரங்களிலிருந்து பலாலி வரை ஒரே சீட்டு, ஒரே பொதி. சென்னையில் வெளியே வராமல் மாறிச் செல்லும் வசதி. இதற்குச் சீமெந்தும் கல்லும் வேண்டாம். விமான நிறுவனங்களும் இரு அரசாங்கங்களும் மேசையிலிருந்து பேசினால் போதும்.

மூன்று, இரவில் ஓடும் வான்களின் பாதுகாப்பு. விமானம் வந்தாலும் பெரும்பான்மையோர் ஏ9 வீதியால்தான் வருவார்கள். நித்திரையில்லாத சாரதிகள் நித்திரையில்லாத பயணிகளை ஏற்றிக்கொண்டு விடியமுன் வந்துசேர ஓடுகிறார்கள். விபத்துச் செய்திகளைத் தலைப்பிட்டு எனக்குக் கை அலுத்துவிட்டது. நீண்ட தூரம் ஓடும் வானுக்கு இரண்டாவது சாரதி கட்டாயம் என்று விதிப்பதற்கு என்ன தடை?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பலாலிக்கு ஆட்கள் வருவதில்லை என்பதே நிறுவனங்கள் சேவையைக் குறைக்கச் சொல்லும் காரணமாக இருக்கும். கோடையில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆறுதலாக வருகின்றபோதாவது, பொதியில் பத்துக் கிலோவைக் குறைத்து, விசாவை முன்கூட்டியே எடுத்து, இந்த வழியால் ஒருமுறை வந்துபாருங்கள். மகிழ்ச்சிக்கு வருகிறபோது பயன்படுத்தாத பாதை, துக்கத்துக்கு ஓடிவருகிறபோது திறந்திருக்காது.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் தங்கை புறப்பட்டாள். போகும்போதும் வானில்தான் போனாள். இரவு பத்து மணிக்கு ஒழுங்கை முகப்பில் நின்று வழியனுப்பினோம். இந்த முறை வேண்டிய நேரம் இருந்தது; அவசரப்பட வேண்டியதில்லை, கவனமாகப் போங்கோ தம்பி என்று சாரதியிடம் சொன்னேன். அவள் கண்ணாடியை இறக்கி, "ஒரு மணித்தியாலம் பிந்தியெண்டாலும் பரவாயில்லை அண்ணை, இப்ப ஆரும் எனக்காகக் காத்திருக்கேல்லை" என்றாள்.

அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. மறுநாள் காலை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கையில் பலாலிப் பக்கம் சிறிய விமானமொன்று இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துச் சிறுவன் அதற்குக் கை காட்டினான்.